பழசு கலந்த களிமண்

தேனி மாவட்டம் முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரு கடல் சிப்பி கிடைக்காது. மேற்கே போடி மலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. எல்லாம் பூமிக்குள்ளே வெந்து இறுகி மேலே வந்த பாறை. அது உருவான காலத்தில் சிப்பி கட்டிக்கொள்ளத் தெரிந்த உயிர் உலகத்திலேயே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலில் செத்த உயிர்களின் ஓடுகளைப் பார்த்துப் பிழைக்கிறவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறும். ஏறட்டும், அது சும்மா வந்த திமிர் இல்லை.

பிறந்தது தேவாரத்தில், விவசாயக் குடும்பம். வாக்கப்பட்டது போடியில், ஏலக்காய் வியாபாரக் குடும்பம். இடையில் நிலவியல் படித்தேன், சென்னையில் ஓர் ஆய்வகத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊரில் இது யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. ‘மண்ணு படிச்ச பிள்ளை’ என்று எனக்கு ஒரு பெயர். எங்கே யார் போர் போட்டாலும் எனக்குப் போன் வரும். “இங்கன தண்ணி இருக்கான்னு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போத்தா” என்பார் பெரியப்பா. எனக்குத் தண்ணீர் பார்க்கத் தெரியாது என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “அப்பறம் என்னத்தப் படிச்ச?” என்பார். எனக்குச் சுருக்கென்று வரும். ஆனால் பெரியப்பாவிடம் என்னத்தைச் சொல்ல?

என்ன படித்தேன் என்பதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். கடலில் ஒற்றைச் செல்லால் ஆன உயிர்கள் இருக்கின்றன. ஃபோராமினிஃபெரா என்பது அவற்றின் பெயர். வாயில் நுழைவதற்குக் கஷ்டம் என்பதால் நான் ‘ஓடு’ என்றே எழுதுகிறேன். உப்புக்கல் அளவுகூட இருக்காது. ஆனால் ஒவ்வொன்றும் சுண்ணாம்பில் அறை அறையாக வீடு கட்டிக்கொள்ளும். செத்ததும் வீடு கடலடிச் சேற்றில் விழும். சேறு மேலே மேலே படிந்து இறுகும். ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு சாதி ஓடு இருந்தது. ஒரு சாதி அழிந்துவிட்டால் திரும்ப வரவே வராது. ஆகவே எந்தச் சேற்றில் எந்த ஓடு இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் சேற்றின் வயதைச் சொல்லிவிடலாம். இரண்டு இடத்தில் துளை போட்டு, இரண்டிலும் சாம்பல் நிறக் களிமண் வந்தால், நிறத்தை வைத்து இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. ஓடு சொல்ல வேண்டும். ஓடு என்ன சொல்கிறது என்று நான் சொல்ல வேண்டும். இதுதான் என் தொழில்.

கல்யாணத்துக்குப் பிறகு சென்னை ஆய்வகத்தை விட்டுவிட்டு வந்தபோது தொழிலும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர்தான் குடோனின் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கினேன். சல்லடைகள் வாங்கினேன். மாடியில் நான் மண் சலித்தேன், கீழே அவருடைய ஆட்கள் ஏலக்காய் சலித்தார்கள். அறை முழுக்க ஏலக்காய் வாசம். களிமண்ணை ஊறவைக்கிற பக்கெட்டில்கூட அந்த வாசம் ஏறிக்கிடக்கும்.

சில்லறை வேலைகள்தான் முதலில் வந்தன. கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து மாதிரி, பத்து மாதிரி. பிறகு ஒரு நாள் என்னோடு படித்த தோழி கூப்பிட்டாள். காவிரி டெல்டாவில் எண்ணெய் தேடித் துளையிட்டுக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் அவள் பெரிய பொறுப்பில் இருந்தாள். முதல் கிணற்றின் மண்ணைச் சென்னையில் வேறோர் ஆய்வகம் பார்த்து முடித்திருந்தது. கீழே ஒரு சாம்பல் களிமண் அடுக்கு, டைனோசர் காலத்துக் கடைசிப் பகுதி என்று வயது சொல்லியிருந்தார்கள். இப்போது இரண்டாவது கிணற்றிலும் சாம்பல் களிமண் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே அடுக்கா என்று தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் மூன்றாவது கிணற்றை எங்கே போடுவது என்று முடிவு செய்வார்கள்.

“ரெண்டாவது கெணத்த நீ பாரு. உனக்காக நான் சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கேன்” என்றாள். “மீட்டிங்ல ஒருத்தர் கேக்குறார், ஏலக்காய் குடோன்லயா லேப் வச்சிருக்காங்கன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. என் மானத்த வாங்கிறாத.”

அந்தச் சிரிப்பு எனக்கு முள்ளாகக் குத்தியது. காட்டுகிறேன் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கம்பத்துக்குப் போகிற பஸ்ஸெல்லாம் நின்று பார்க்கிற மாதிரி ஒரு அறிக்கை எழுதப்போவதாக வீட்டுக்காரரிடம் பீற்றினேன். “பஸ்ஸு நிக்கிறதுக்கு அறிக்கை எதுக்கு? கைய காட்டினா நிக்கும்” என்றார் அவர்.

பெட்டி வந்தது. துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுத்த களிமண்ணை, ஆழம் வாரியாகப் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எண்ணிப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் எடுத்து ஊறவைத்து, சல்லடையில் கழுவி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துக் கோந்து தடவிய சிலைடில் வைக்க வேண்டும். கொடுத்த நாட்களுக்குள் நான் ஒருத்தியாகச் செய்து கிழிக்க முடியாது.

அப்போது வைகாசி மாதம். மலையில் காய் பறிப்பு இல்லை, குடோனில் வேலை மந்தம். காய் பொறுக்குகிற பெண்கள் பாதி நேரம் சும்மா இருந்தார்கள். அவர்களில் ஒருவர்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. எங்கள் குடோனில் இருபது வருடமாகப் பொறுக்குகிறவர். மற்றவர்கள் தட்டைக் குனிந்து பார்த்துப் பொறுக்கும்போது, இவர் கதை பேசிக்கொண்டே பொறுக்குவார். வெடித்த காய், பூச்சி அடித்த காய், காம்பு ஒட்டிய காய் எதுவும் தப்பாது. வயதில் என்னைவிட மூத்தவர். ஆனால் முதலாளி வீடு என்பதால் என்னை ‘அக்கா’ என்பார். மூத்தவர் என்பதால் நான் அவரை ‘அக்கா’ என்பேன். மாறி மாறி அக்கா போட்டுக்கொண்டு நாங்கள் பேசுவதைக் கேட்டு என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த அக்காவை மாடிக்கு அழைத்து மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

“ஆத்தாடி! இம்புட்டு மண்ணுக்குள்ள இத்தன சிப்பியா?” பிறகு மூக்கைச் சுருக்கினார். “ஆனா வாசமே இல்லியேக்கா.”

இரண்டு நாளில் தூரிகை அவர் கைக்கு வசமானது. மூன்றாம் நாள் என்னைவிட வேகம். அதைப் பார்த்து எனக்குப் பெருமை பொங்கியது. என் ஆள் இல்லையா? ஓடுகளுக்கு அவராகவே பெயரும் வைத்தார். வட்டமாகத் தட்டையாக, ஓரத்தில் இரண்டு வரி எழும்பிய பெரிய ஓட்டுக்கு ‘ரெட்டைக் கரை’. உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு இருப்பதற்குத் ‘திராட்சைக் கொத்து’. அந்த ரெட்டைக் கரைதான் எனக்கு வேண்டியது. டைனோசர்கள் அழிந்த சமயத்தில், சுமார் ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால், அந்தச் சாதி ஓடும் கூண்டோடு அழிந்தது. அது இருக்கிற சேறு என்றால் அந்தக் காலத்துச் சேறு. தட்டுக்குத் தட்டு ரெட்டைக் கரை வந்துகொண்டே இருந்தது. நான் சொன்ன நாளுக்கு முன்பே, வியாழக்கிழமை, அறிக்கையை அனுப்பினேன். ‘இரண்டு கிணறுகளிலும் உள்ள சாம்பல் களிமண் ஒரே அடுக்கு, ஒரே வயது.’ திங்கட்கிழமை கூட்டத்தில் அதை வைத்து முடிவு எடுப்பார்கள் என்று தோழி சொன்னாள். அந்த அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடோன் என்றதற்கே சிரித்தவர்கள், காய் பொறுக்குகிறவர் ஓடு பொறுக்கினார் என்றால் உருண்டு புரண்டு சிரிப்பார்கள் என்று பயம்.

சனிக்கிழமை மதியம். மிச்சமிருந்த ஓடுகளைச் சிலைடில் ஒட்டி வைக்கிற வேலை மட்டும்தான். அந்த அக்கா மைக்ராஸ்கோப்பில் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அறிக்கையின் நகலை மறுபடி வாசித்து ரசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அது நான்காவது தடவை.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீகளே?” என்றார் அவர். “இந்த ரெட்டைக் கரை பூராம் போன வருசத்துச் சரக்குக்கா.”

நான் சிரித்துவிட்டேன். “அதுக்கு வயசு ஆறரைக் கோடிக்கு மேல. போன வருசமா?”

“கோடியெல்லாம் எனக்கென்ன தெரியும்? ஆனா இது இந்த மண்ணுல வெளஞ்சது இல்ல. வேற எங்கனயோ கெடந்துட்டு வந்து இதுல கலந்திருக்கு. பழசு கலந்த சரக்கு மாதிரியே இருக்கு.”

எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. “பொறுக்குறது உங்க வேலை. வயசு சொல்றது என் வேலை” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தூரிகையைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து கீழே போய்விட்டார். சொன்ன மறு நொடியே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் வீம்பு; கூப்பிடவில்லை.

பத்து நிமிடத்தில் அவரே திரும்பி வந்தார், கையில் ஒரு தட்டோடு. அதில் இரண்டு பிடி ஏலக்காய். எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. என் முன்னால் வைத்தார்.

“பாத்துச் சொல்லுங்க, இதுல பழசு எது?”

பதினைந்து வருடமாக ஏலக்காய் வியாபாரியின் பெண்டாட்டி நான். எனக்குத் தெரியவில்லை.

“எல்லாம் எட்டு எம்எம் சல்லடையில நின்ன காயிதான். சல்லடைக்கு அளவு தெரியும், எந்த வருசத்துக் காயின்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நம்மதான் பாக்கணும்.” தட்டிலிருந்து இரண்டு காய்களை எடுத்து உரித்தார். ஒன்றில் உள்ளே இருந்த ஏல அரிசி, அதாவது விதை, கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றதில் பழுப்பாக, காய்ந்து உதிர்ந்தது. “வெளிய எம்புட்டு மழுப்பினாலும் உள்ள பாத்தா தெரிஞ்சு போகும். உங்க சிப்பியில ஒண்ண ஒடச்சுப் பாருங்களேன். எனக்கு அதுல உள்ள தொளை வழியாவே தெரியுது, உள்ள காவி மண்ணா இருக்கு. நீங்க ஊறப் போட்ட களிமண்ணு சாம்பல்ல?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. ஊசியை எடுத்தேன். ஒரு ரெட்டைக் கரையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து அழுத்தினேன். ஓடு பிளந்தது. உள்ளே இருந்தது காவி நிறத்தில் இறுகிய மண். இன்னொன்று, காவி. மூன்றாவது, காவி. ஓரங்களைப் பார்த்தேன். அந்த இரட்டை வரிகள் உருண்டு உரசித் தேய்ந்திருந்தன. இதையெல்லாம் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணில் பட்டதும் பெயர் வந்துவிடும், பெயர் வந்ததும் ஓட்டைப் பார்ப்பதை நிறுத்திவிடுவேன். அவருக்குப் பெயர் தெரியாது. அதனால் அவர் ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன நடந்திருக்கிறது என்பது புரிந்துவிட்டது. ஏதோ ஒரு காலத்தில் பழைய கடலடி மேலே எழும்பி, வெயிலிலும் மழையிலும் கரைந்திருக்கிறது. அதில் புதைந்திருந்த ஓடுகள் நீரோடு உருண்டு போய், மிகவும் பிந்தி உண்டான புதுக் கடலின் சேற்றில் விழுந்து மறுபடி புதைந்திருக்கின்றன. நான் பழைய ஓட்டைப் பார்த்துப் புதுச் சேற்றுக்கு வயது சொல்லிவிட்டேன். என் துறையில் மாணவர்களுக்கு முதல் வருடமே எச்சரிக்கிற தப்பு இது.

“அப்போ புதுக் காயி எங்கக்கா?” என்று கேட்டேன்.

“கீழ விழுந்ததுல பாத்தீகளா? நம்ம குடோன்ல சல்லடைக்குக் கீழ விழுகுறதையும் மூடையில கட்டித்தான வைக்கிறோம்?”

மூன்று சல்லடைகளை அடுக்கித்தான் கழுவுவேன். அவசரத்தில் மேலிரண்டில் நின்றதை மட்டும் பார்த்தேன். அடிச் சல்லடையில் தேங்கிய மாவு போன்ற பொடியை உலர்த்தி உறையில் போட்டதோடு சரி. நல்லவேளை, கொட்டவில்லை. உறையைப் பிரித்துத் தட்டில் ஒரு சிட்டிகை தூவி, உருப்பெருக்கத்தைக் கூட்டினேன். கண்ணாடி போலப் பளிச்சென்று, ஒரு கீறல் இல்லாமல், சின்னஞ்சிறு கொத்துகள். டைனோசர்கள் போனபின், பெரிய ஓடுகளெல்லாம் அழிந்தபின், புதுக் கடலில் முதன்முதலாகத் தலைகாட்டிய பிஞ்சு ஓடுகள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அந்தப் பதற்றத்திலும் ஒரு நொடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாதுக்கா” என்றேன்.

“அட விடுங்கக்கா. உங்க வீட்டுக்காரவுக பழசு கலந்துருச்சுன்னா எப்பிடிக் கத்துவாக, நீங்க பரவாயில்ல” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை போய்விட்டது. திங்கட்கிழமை கூட்டம். இப்போது தப்பு என்று சொன்னால் இந்த வேலை என் கையை விட்டுப் போகும். இனி எந்த வேலையும் வராது. சிரித்தவர்கள் சொன்னது சரி என்றாகும். எனக்காகச் சண்டை போட்டவளின் மானமும் போகும். சொல்லாவிட்டால் தப்பான இடத்தில் துளை போடுவார்கள், அது தப்பு என்று தெரியவே காலம் ஆகும். யாரும் என்னைத் தேடி வரக்கூட மாட்டார்கள்.

அவர் பலகாரத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“லாரி ஏறிப் போன சரக்குல பழசு கலந்துருச்சுன்னு நமக்குத் தெரிஞ்சா என்ன செய்வோம்?” என்றார். “வாங்குறவரு மூடையப் பிரிக்கிறதுக்கு முன்னால நாமளே போன் போட்டுருவோம். நாம சொன்னா அது தப்பு. அவரு பிரிச்சுப் பாத்துச் சொன்னா அது மோசடி. எங்கப்பா காலத்துலருந்து இந்தக் கடையில அப்பிடித்தான். மாடியில மட்டும் வேற கடையா நடக்குது?”

முடிவு எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் வெறும் தப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. சரியான பதிலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவுக்கு லீவு. கூப்பிடத் தயங்கிக்கொண்டிருந்தேன், காலை எட்டு மணிக்கு டிபன் தூக்கோடு அவரே படியேறி வந்துவிட்டார். “பாதியில விட்டா எனக்குக் கை அரிக்கும்க்கா.”

உறைகளை ஆழம் வாரியாக அடுக்கினோம். அவர் ஓட்டை உடைத்து உள்ளே இருப்பது காவியா சாம்பலா என்று சொல்வார். நான் பொடியில் பிஞ்சு ஓடுகளைத் தேடுவேன். மேலிருந்து கீழே போகப் போக, காவி, காவி, காவி. பொடியில் பிஞ்சுகள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டோம். கீழே, நன்றாகக் கீழே, ஒரு பையில் அவர் கை நின்றது.

“அக்கா, இது மாறுது. உள்ள சாம்பலு. ஓரமும் தேயல. இது சொந்தச் சரக்கு.”

நான் அந்தப் பையின் பொடியைப் பார்த்தேன். பிஞ்சு ஓடு ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே இருந்த பைகளிலும் இல்லை. ரெட்டைக் கரை ஒவ்வொன்றும் முழுசாக, கூர்மையான வரிகளோடு, தன் மண்ணிலேயே கிடந்தது. முதல் கிணற்றின் களிமண் இரண்டாவது கிணற்றிலும் இருக்கத்தான் செய்தது. நான் சொன்ன இடத்தில் இல்லை, அதற்கு வெகு கீழே. மேலே இருந்த சாம்பல் களிமண் வேறு கடல், வேறு காலம். இரண்டுக்கும் நிறம் ஒன்றாக இருந்ததுதான் எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறது. நான் அந்த அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “விடுங்கக்கா, சிப்பி சிந்திரும்” என்றார்.

திங்கட்கிழமை காலை, கூட்டத்துக்கு முன்னால், தோழியைக் கூப்பிட்டேன். மழுப்பவில்லை. என் அறிக்கை தப்பு, இது சரியான பதில், தப்பைக் கண்டுபிடித்தவர் எங்கள் குடோனில் காய் பொறுக்குகிறவர், ஓடுகளைப் பொறுக்கியவரும் அவர்தான், உன்னிடம் மறைத்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“மீட்டிங்ல நீயே சொல்லு. அவங்களையும் கூட உக்கார வை” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மடிக்கணினியைக் கறுப்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்து உட்கார்ந்தோம். அந்த அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். திரையில் ஏழெட்டு முகங்கள். நான் சொல்லி முடித்ததும், நடுவில் இருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று குடோனைப் பற்றிக் கேட்டவர் இவராகத்தான் இருக்கும் என்று அவர் பேச ஆரம்பித்த தோரணையிலேயே பட்டது.

“ஒரு தடவை தப்பாச் சொன்னீங்க. இப்ப இதுதான் சரின்னு எப்படி நம்புறது? அதுவும் இவங்க…” என்று இழுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா பேசிவிட்டார்.

“சார், நீங்க நம்ப வேண்டாம். உங்ககிட்ட இருக்க மண்ணுலயே பழசையும் புதுசையும் கலந்து ஒரு தட்டு அனுப்புங்க. எதுல எது கலந்துச்சுன்னு எங்ககிட்டச் சொல்லாதீக. நான் பிரிச்சு அனுப்புறேன். அப்பறம் பேசுவோம். எங்க குடோன்ல புதுசா வர்றவுகளுக்கு அப்பிடித்தான் சோதனை வைப்பாக.”

திரையில் யாரோ கொஞ்சமாகச் சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு என்னைக் குத்தவில்லை. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அனுப்புறோம்மா” என்றார். மூன்றாவது கிணற்றின் முடிவைத் தள்ளி வைத்தார்கள்.

தட்டு வந்தது. அவர் அரை நாளில் பிரித்து முடித்தார். நான் பக்கத்திலேயே போகவில்லை. போனால் ஏதாவது சொல்லித் தொலைப்பேன் என்று தேவாரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். எங்கள் உறைகளில் இருந்த பொடியில் பாதியை, முதல் கிணற்றைப் பார்த்த சென்னை ஆய்வகத்துக்கும் சரிபார்க்க அனுப்பினோம். பிறகு பல நாள் பேச்சு மூச்சு இல்லை. தோழியும் கூப்பிடவில்லை. வேலை போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிப் பழகிக்கொண்டேன். மைக்ராஸ்கோப்பைத் துணி போட்டு மூடிவைத்தேன். ஆடிக் காற்று அடித்து, மலையில் காய் பறிக்க ஆரம்பித்து, கீழே குடோனில் வேலை மும்முரமானது. அந்த அக்கா பழையபடி காய்த் தட்டுக்குப் போய்விட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் “தாக்கல் வந்துச்சாக்கா?” என்பார். இல்லை என்பேன்.

ஒரு நாள் காலை கீழே யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். கூப்பிட்டது அந்த அக்காவின் பெயர். எட்டிப் பார்த்தேன். கூரியர்க்காரர் ஒரு பெரிய மரப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த அளவுப் பெட்டியைப் பார்த்ததும் கிணற்று மண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படியில் தடதடவென்று ஓடினேன்.

“என் பேருக்குத்தானே வந்திருக்கும்?”

“இல்லக்கா. பேரு வேற போட்டிருக்கு” என்று கூரியர்க்காரர் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். மேலே அந்த அக்காவின் முழுப் பெயர், இனிஷியலோடு. அடுத்த வரியில் என் பெயர், பிறகு குடோனின் முகவரி. மூன்றாவது கிணற்றின் மண் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அப்படியென்றால் அவர் பிரித்த தட்டும் எங்கள் பதிலும் சரி என்று ஆகியிருக்கிறது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எனக்கு வயிறு எரிந்தது. படித்தது நான், சல்லடை வாங்கியது நான், என் பெயர் இரண்டாவது வரியிலா? மறைப்பானேன், எரிந்தது. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த அக்கா காய்த் தட்டிலிருந்து எழுந்து வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சீட்டில் இருந்த தன் பெயரை ஓர் எழுத்து விடாமல் வாசித்தார். மற்றப் பெண்கள் எல்லோரும் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரியர்க்காரர் நீட்டிய போன் திரையில், நிதானமாக, விரலால் முழுக் கையெழுத்துப் போட்டார். நான் பெட்டியைத் தூக்கக் கையை நீட்டினேன்.

“விடுங்கக்கா. எம் பேருக்கு வந்திருக்கு, நானே கொண்டாறேன்.”

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் படியேறினார். நான் பின்னால் போனேன்.